போஞ்சி வேரில் குடியிருப்பவர்கள்

போன மாதம் ஒரு நாள் காலை, எங்கள் ஆசிரியர் குவாட்டர்ஸுக்குப் பின்னால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் மகேஸ்வரி, ஒரு போஞ்சிச் செடியை, அதுதான் பீன்ஸ் செடியை, வேரோடு தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

வந்தது வினை.

பெரட்டு என்றால் என்ன என்று கேட்கும் கொழும்பு வாசகர்களுக்காக ஒரு வரி — தோட்டத்துத் தொழிலாளர்கள் காலையில் கூடி, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று தெரிந்துகொண்டு போகும் இடம். எல்லோரும் கொழுந்துக் கூடையோடு வந்து நிற்பார்கள். மகேஸ்வரி அன்றைக்குக் கூடையோடு போஞ்சிச் செடியையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏன்? கண்டாக்கு ஐயா சொல்லியிருந்தார், அதனால்தான். கண்டாக்கு என்பவர் மலை வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர். எங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் மனேஜரான துரையைப் பார்க்காமல் ஒரு வருடம்கூட ஓட்டிவிடலாம். கண்டாக்கு ஐயாவைப் பார்க்காமல் ஒரு நாள் ஓட்ட முடியாது.

அதற்கு முந்திய வாரம் அவர் பெரட்டில் ஒரு பட்டுப்போன தேயிலைச் செடியின் வேரைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீக்கம். கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று வேருக்குள் புகுந்து செடியை உறிஞ்சுகிறதாம். ஒரு செடியில் வந்தால் மலையையே தின்றுவிட்டுத்தான் போகுமாம்.

"இந்த மாதிரி முடிச்ச எங்க பாத்தாலும் ஒளிக்காம எங்கிட்ட கொண்டாந்து காட்டணும்" என்று சொல்லியிருக்கிறார்.

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கொண்டுபோய்க் காட்டியவள் மகேஸ்வரி ஒருத்திதான். சொன்ன பேச்சைக் கேட்பதில் இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது.

நடந்தது இதுதான். மழையில் அவளுடைய மரக்கறிப் பாத்தியின் ஓரம் சரிந்து, ஒரு போஞ்சிச் செடி கம்போடு சாய்ந்துவிட்டது. எடுத்து நிமிர்த்தப் போனால்... வேர் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள். கடுகு அளவில் சில, மிளகு அளவில் சில. அவளுக்குப் பகீர் என்றது. பாத்திக்கு வேலிதான் எல்லை; வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் புதிதாக நட்ட தேயிலைக் கன்றுகள். தன் போஞ்சியால் மலைக்குக் கேடு வந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் கொண்டுபோனாள்.

கண்டாக்கு ஐயா வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"எந்த எடத்துல புடுங்கின?"

"எங்க பாத்தியிலதாங்க. புதுக் கன்னு வச்சிருக்கீங்களே... அந்த ஓரம்."

வேறு ஊராக இருந்தால் "சரி, பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டிருப்பார்கள். வேரில் முடிச்சு என்றால் தேயிலைத் தோட்டத்தில் அப்படிப் பார்ப்போம் கீர்ப்போம் எல்லாம் கிடையாது. வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். எல்லாவற்றையும் பிடுங்கு. குழி தோண்டிப் போட்டு எரி. அந்த நிலத்தில் மானாப் புல்லை நட்டு, புழு பட்டினி கிடந்து சாகும்வரை வருடக் கணக்கில் விட்டுவிடு.

"பொழுது சாய கொழுந்து நிறுத்ததும் வாறேன். புடுங்கி வையி" என்று சொல்லிவிட்டார்.

மகேஸ்வரி நேரே என் குசினி வாசலுக்கு வந்தாள். பூப்பூத்துப் பிஞ்சு விடுகிற நேரம் அந்தப் போஞ்சி. "ஒரு போகம்தானே மகேஸ், அடுத்த தடவை போட்டுக்கலாம்" என்று ஆறுதல் சொல்லப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது விளங்கிவிட்டது.

"போஞ்சி போனா போகுது டீச்சர். புல்லு போட்டுட்டா அது தோட்டத்து மலை. அப்புறம் நான் போயி எம் பாத்தியக் குடுங்கன்னு யார்கிட்ட கேக்குறது?"

அதுதான் விஷயம். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். பின்னால் உள்ள பாத்தியும் தோட்டத்துக்குச் சொந்தம். எப்போதோ ஒருவர் "சரி, போட்டுக்கோ" என்று சொன்ன வாய்வார்த்தையில்தான் அவள் அங்கே மண்வெட்டியைப் போட்டாள். புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலை. தனியாளாக நின்று கல் பொறுக்கி, மாட்டுப்பட்டியில் இருந்து எருச் சுமந்து, வெறும் கற்குவியலாகக் கிடந்ததை மண்ணாக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கூடை எருகூடச் சுமந்து கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"நாள் பூரா பறிக்கிற கொழுந்து தொரைக்கு. இந்த மலையில எனக்குன்னு காய்க்கிறது இது ஒண்ணுதான் டீச்சர்" என்றாள்.

தேத்தண்ணி கொடுத்தேன். ஆறவிட்டுவிட்டாள். எங்கள் குளிரில் ஒருவர் கையில் தேத்தண்ணி ஆறுகிறது என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சார் இருக்காங்களா? புள்ளைங்களுக்கு வெவசாயம் சொல்லிக் குடுக்குறவங்கதானே..."

சார் என்றால் எங்கள் வீட்டுக்காரர். அவரைத் தெரியாத வாசகர்கள் இருக்க முடியாது. மாதத்தில் இரண்டு வாரமாவது இந்தப் பத்தியில் அவர் மானம் போகிறது. புதிதாக வந்தவர்களுக்காக — யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விஞ்ஞான ஆசிரியராக எங்கள் தோட்டப் பாடசாலைக்கு வந்தார். குளிர் தாங்காது, ஒரு வருடத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்றார். நான் குறுக்கே வந்துவிட்டேன். இன்றைக்கும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை, போஞ்சியைத் தேங்காய்ப் பால் விட்டுத்தான் சமைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விடவில்லை.

மனிதர் வேரை வாங்கிப் பார்த்தார். முகம் பூரித்துவிட்டது. ஏதோ பவளம் கிடைத்ததுபோல.

"இஞ்சேரும், இதைப் போயோ அந்த ஐயா புடுங்கச் சொன்னவர்? இது நோயொண்டுமில்லையப்பா. இது போஞ்சியின்ர அதிர்ஷ்டம்."

பிறகு எங்கள் இருவருக்கும் ஒரு பாடம் நடந்தது. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். நாம் மூச்சு விடும் காற்றில் பெரும்பங்கு நைதரசன்தான். செடிக்கு உயிர் நாடியே அதுதான். நாம் யூரியா உர மூட்டையில் காசு கொடுத்து வாங்குவதும் அதைத்தான். இவ்வளவும் சுற்றிச் சூழ இருந்தும் செடியால் காற்றில் இருந்து ஒரு துளிகூட எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவே குடிக்கத் தண்ணீர் இல்லாத கதைதான்.

ஆனால் மண்ணில் ஒரு வகைப் பக்டீரியா இருக்கிறது. அதற்கு அந்த வித்தை தெரியும். போஞ்சி அதை வேர் வழியாக 'வா' என்று கூப்பிடுகிறது. சும்மா கதையில்லை, அதற்கென்றே ஒரு சாற்றை மண்ணுக்குள் விட்டுக் கூப்பிடுகிறதாம். வந்ததும் வேரிலேயே ஒரு சின்ன அறை கட்டிக்கொடுத்து, இலையில் சமைத்த சீனியையும் கீழே அனுப்பிவைக்கிறது. உள்ளே இருப்பவர் காற்றைப் பிடித்து நைதரசன் உரமாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறார். அந்த அறைதான் இந்த உருண்டை.

"அப்ப லயத்துல குடி வச்சு, அரிசியும் குடுத்து, வேல வாங்குற மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மகேஸ்வரி.

"ஓம். ஆனா இதில ரெண்டு பேருக்கும் லாபம்" என்றார் இவர்.

அவள் சிரிக்கவில்லை. "இத அப்படியே ஐயாகிட்ட சொல்லிருங்க சார்" என்றாள்.

சொன்னார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

பொழுது சாய, தூறலில், கண்டாக்கு ஐயா வந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசாதவர். முன்பு வேலை பார்த்த தோட்டத்தில் ஒரு மலை முழுவதையும் இந்த வேர்ப் புழுவுக்குப் பறிகொடுத்தவர். சூடு கண்ட பூனை. புதுக் கன்றுகளைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "ஐயா, இது நோயில்லை. இதுக்குள்ள இருக்கிறது பக்டீரியா."

"பக்டீரியான்னா கிருமிதானுங்களே மாஸ்டர்?"

"ஓம்... ஆனா—"

"கிருமி இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நோயில்லன்னா எப்படிங்க?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லத் தெரிவது ஒன்று. அதை எந்த முனையில் இருந்து தொடங்குவது என்று தெரிவது இன்னொன்று. வாத்தியார்மாருக்கு முதலாவதுதான் இருக்கும்.

இவர் விடவில்லை. "வெட்டிப் பாப்பம். உள்ளுக்குச் சிவப்பா இருந்தா நல்லது" என்றார். கண்டாக்கு ஐயாவிடம் இருந்த கவ்வாத்துக் கத்தியை வாங்கி, பெரிய உருண்டையாகப் பார்த்து நகத்தில் வைத்துப் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பு. ரத்தம் கலந்ததுபோல.

"பாத்தியளே! எங்கட ரத்தத்தில இருக்கிற மாதிரி ஒரு சாமான் இதுக்குள்ள இருக்கு."

கண்டாக்கு ஐயா ஓரடி பின்னால் போனார்.

எங்கள் மலைகளில் ஈரப் புல்லில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும் — உருண்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்து, நசுக்கினால் சிவப்பாக வந்தால் அதன் பெயர் என்ன என்று.

"அட்டைக்குக் கூட ரத்தம்தாங்க இருக்கும். அது அட்டையோட ரத்தமில்ல, நம்ம ரத்தம்" என்றார் அவர். "செடிக்கு ஏதுங்க மாஸ்டர் ரத்தம்? உறிஞ்சியிருக்கு. வேறென்ன?"

சொல்லச் சொல்லத் தப்பாகப் போகிறது, பார்த்தீர்களா? இவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் போஞ்சியின் கழுத்தில் இன்னொரு கயிறாக விழுந்தது. கடைசியில் இவரே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் வாயை மூடிப் பார்த்தது அபூர்வம், சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

மகேஸ்வரி பாத்திக்குள் இறங்கினாள். முதல் வரிசையை, கம்பைச் சாய்த்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேலி ஓரம் போட்டாள். வெள்ளைப் பூவும் நூல்போன்ற பிஞ்சுமாக அவை ஈரத்தில் கிடந்தன. எனக்குச் சாபம் கொடுக்கத் தெரிந்திருந்தால் யாருக்குக் கொடுப்பது என்றுகூடத் தெரியாத எரிச்சல்.

"மிச்சத்தப் புடுங்க முந்தி குழிய வெட்டிரு. அந்தப் பக்கம், மரத்தடியில. கன்னு இல்லாத எடமா பாத்து" என்றார் கண்டாக்கு ஐயா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முருக்க மரம் நின்றது. தேயிலை மலைகளைப் பார்த்தவர்கள் இந்த மரத்தையும் பார்த்திருப்பீர்கள். நிழலுக்காகத் தோட்டமே நடுவது. கொப்பை வெட்டித் தேயிலையடியில் போட்டால் உரம். புதுக் கன்று மலை நெடுகிலும் அதே மரம்தான்; கண்டாக்கு ஐயா தானே முன்னின்று நடுவித்தது.

அந்த மரத்தடியில் மகேஸ்வரி மண்வெட்டியைப் போட்டாள். அது குழி வெட்டிய வெட்டில்லை. மனதில் இருந்த அத்தனையையும் மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும், முழங்கால் அளவு போதும்" என்றார் அவர்.

அவள் நிறுத்தவில்லை. முழங்காலும் தாண்டி, வேரும் மண்ணுமாக வெட்டி வெளியே வீசிக்கொண்டிருந்தாள். அப்படி வீசிய ஒரு கட்டி நேராகப் போய்க் கண்டாக்கு ஐயாவின் சப்பாத்தில் விழுந்து உடைந்தது. வேண்டுமென்றே வீசினாளா? நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அவர் குனிந்து சப்பாத்தைத் தட்டப் போனார். தட்டவில்லை. அப்படியே நின்றார்.

உடைந்த கட்டிக்குள் முருக்க மரத்தின் வேர். வேரில் மணி மணியாக உருண்டைகள்.

குழிக்குள் இருந்து மகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு, ஆற அமரச் சொன்னாள்:

"பாருங்கய்யா. உங்க மரத்துக்கும் சீக்கு."

எங்கள் வீட்டுக்காரர் ஆவென்று வாயைத் திறந்தார். முருக்கும் போஞ்சியின் சொந்தக்காரன்தான், இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிக் குடியிருப்பாளர்தான் என்று அவர் நாக்கு நுனியில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். இன்னொருவருக்கு உண்மை தானாக விளங்கிக்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே போய் நிற்கக் கூடாது. நின்றால் அவருக்கு உண்மை தெரியாது, நாம்தான் தெரிவோம்.

கண்டாக்கு ஐயா கத்தியை இவரிடம் இருந்து வாங்கினார். ஒரு மணியை உருட்டி எடுத்துப் பிளந்தார். உள்ளே சிவப்பு.

தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தார். பனிமூட்டத்துக்குள் வரிசை வரிசையாக முருக்க மரங்கள். அடியில் புதுக் கன்றுகள்... தளதளவென்று. நோய் என்றால், அந்த நோயை மலை முழுக்க நட்டவர் அவர்தான்.

"இந்த மரத்த உரத்துக்குன்னுதானே நட்டோம்" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. "எல உரம்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்..."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. பதவியில் இருப்பவர்கள் அவ்வளவு எளிதில் கழுத்தைத் திருப்ப மாட்டார்கள்.

"மாஸ்டர், முன்ன ஏதோ சொன்னீங்களே... அந்தக் காத்து வெசயம். இன்னொருக்கா சொல்லுங்க."

கேட்க வேண்டுமா? குடைக்குள் நின்று இருட்டும்வரை பாடம் நடந்தது. இந்தத் தடவை இவர் பக்டீரியா என்ற சொல்லைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. "உரம் செய்யிற ஆக்கள்" என்றே சொல்லி முடித்தார். வாத்தியார்மாரும் படிக்கிறார்கள், கொஞ்சம் அடிபட்டால்.

பிடுங்கிய வரிசை பிடுங்கியதுதான். மிச்சம் தப்பியது. மானாப் புல் வரவில்லை. "இருக்கட்டும், நான் கவனிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, போகும்போது சாய்ந்து கிடந்த ஒரு கம்பைத் தானே நிமிர்த்தி ஊன்றிவிட்டுப் போனார். மகேஸ்வரி குழியை மூடினாள். வெட்டியதைவிட மூடியது மெதுவாக நடந்தது. பாதியில் மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன்.

இந்த வாரம் பெரட்டில் நடந்ததை அவளே வந்து நடித்துக் காட்டினாள். கண்டாக்கு ஐயா இரண்டு வேர்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ தானே கண்டுபிடித்தவர்போல விளக்கியிருக்கிறார்.

"இது தேயில வேரு. வேரே வீங்கியிருக்கு பாருங்க, இது கெட்டது. இது போஞ்சி வேரு. வெளியே ஒட்டின மாதிரி இருக்கு, வெரலால தட்டினா உதிருது. இது நல்லது. உரம் செய்யிறவன்."

எல்லோரும் வழக்கம்போலத் தலையாட்டினார்கள். வரிசையில் இருந்து மகேஸ்வரி கேட்டிருக்கிறாள்:

"ஐயா, அதப் பாக்கணும்னா செடியப் புடுங்கணுமேங்க. புடுங்கின பொறகு நல்லவன்னு தெரிஞ்சு என்ன செய்யிறது?"

அவர் கோபிக்கவில்லை.

"அப்படின்னா புடுங்காத. மேல நிக்கிற செடியப் பாரு. அது செழிப்பா இருந்தா, கீழ இருக்கிறவன் நல்லவன்தான்" என்றாராம்.

என் அன்பு வாசகர்களே, இதைவிட நல்ல வாக்கியத்தை நான் இந்தப் பத்தியில் இதுவரை எழுதியதில்லை. ஏனென்று சொல்கிறேன். தேயிலை வளர்க்க இந்தியாவில் இருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வழிவந்த எங்கள் மலையகத்து ஆட்களை 'எங்கிருந்தோ வந்து இந்த நாட்டில் ஒட்டிக்கொண்டவர்கள்' என்று பேசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அரசாங்கக் கந்தோர் வரிசையில் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கும், பதில் வராது. வீட்டுக்கு வந்துதான் வரும்.

இனி பதில் தயார்: மேலே தேயிலை நன்றாகத்தானே இருக்கிறது?